கொரோனா காலத்தில் டிவி விளம்பரங்களிலும் கிரிக்கெட் ஒளிபரப்பிலும் எடுத்த முடிவுகள் உங்களுக்கு விசித்திரமாகப் பட்டதுண்டா?

பட்டதுண்டாவா? அந்த விசித்திரங்களில் சிலவற்றுக்குக் குரல் கொடுத்ததே நான்தான்.

விளம்பரங்களுக்குத் தமிழில் டப்பிங் பேசுவது என் தொழில். முகம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. குரலைக் கேட்டிருப்பீர்கள், கேட்டதும் சேனலை மாற்றியிருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை, வீட்டில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

கேள்வியின் விளக்கத்தில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஆளே இல்லாத மைதானத்துக்குக் கூட்டத்தின் சத்தத்தை எதற்குச் சேர்த்தார்கள்? ஊரே வேலையிழந்து கிடந்தபோது பணம் கட்டி ஆடும் ஆப் விளம்பரங்களை எதற்கு ஓவருக்கு ஓவர் போட்டார்கள்? கேட்கிற தொனியைப் பார்த்தால், வீட்டில் அடைந்து கிடந்து ஐபிஎல்லை ஒரு பந்து விடாமல் பார்த்து நொந்தவர் போலத் தெரிகிறது. எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன். நான் கம்பெனி நடத்துகிறவளோ சேனலில் முடிவெடுக்கிறவளோ இல்லை. "உனக்கென்ன தெரியும்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வரவும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் முதலில் நின்றது படப்பிடிப்புதான். கையில் இருந்த பழைய விளம்பரங்களிலோ கல்யாண வீடு, கைகுலுக்கல், பத்துப் பேர் ஒரே பந்தியில் சாப்பிடுவது என்று எல்லாமே அன்றைக்குக் காட்டக் கூடாத காட்சிகள். புதிதாக எடுக்கவும் வழியில்லை. அதனால்தான் எல்லா விளம்பரமும் ஒரே விளம்பரமாகிப் போனது. வெறிச்சோடிய சாலை, பியானோ, பால்கனியில் நிற்கும் தாத்தா, போனில் எடுத்த நடுங்கும் படம், கடைசியில் "இந்தக் கடினமான நேரத்தில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம்." சோப்பு, வங்கி, கார், பெயின்ட் எல்லாம் இதையேதான் சொன்னார்கள். லோகோவை மறைத்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்று பேசிய எனக்கே சொல்லத் தெரியாது.

அந்த இதமான குரல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வளசரவாக்கத்தில் எங்கள் படுக்கையறை பீரோவுக்குள்ளிருந்து. ஸ்டுடியோக்கள் பூட்டிக் கிடந்ததால் பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசினேன். எதிரொலி வராமல் இருக்கப் புடவையும் கம்பளியும் போல எதுவும் உதவாது. ஃபேன் சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் நிறுத்தியாக வேண்டும். மே மாதச் சென்னையில், கம்பளிக்குள், ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து, முதுகில் வியர்வை வழிய வழிய "நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்று பேசிப் பாருங்கள். போனின் மறுமுனையில் சவுண்ட் இன்ஜினியர், "அக்கா, இன்னும் கொஞ்சம் இதமா, தோள்ல கை போடுற மாதிரி" என்பான். பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் சொல்வேன்.

அடுத்த கட்டமாக, எல்லாப் பொருளும் வைரஸைக் கொல்ல ஆரம்பித்தன. பெயின்ட் கொன்றது, பிளைவுட் கொன்றது, சட்டைத் துணி கொன்றது, மெத்தை கொன்றது. "99.9 சதவீதம்" என்று சொல்லும்போது திரையின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி ஓடும். ஆய்வகச் சூழலில், குறிப்பிட்ட பரப்பில் என்று அதற்கான விளக்கம் எறும்பு ஊர்வது போலப் போகும். எனக்கு விசித்திரமாகப் பட்ட முதல் விஷயம் இதுதான். காற்றில் பரவும் நோய்க்குச் சுவரையும் மெத்தையையும் காவலுக்கு வைத்தார்கள். மக்களிடம் பயம் இருந்தது, விற்க வேண்டிய சரக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

சரி, ஐபிஎல்லுக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 19ஆம் தேதி அபுதாபியில் மும்பைக்கும் சென்னைக்கும் முதல் ஆட்டம். அதற்கு முன்பே பண விஷயத்தில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருந்தது. ஐபிஎல்லின் முதன்மை விளம்பரதாரராக ஆண்டுக்குச் சுமார் 440 கோடி கொடுத்துவந்த சீன போன் கம்பெனி விவோ, சீனாவுடனான எல்லைப் பிரச்சினைக்குப் பிறகு அந்த ஆண்டு விலகிக்கொண்டது. அந்த இடத்துக்கு 222 கோடிக்கு, பணம் கட்டி ஆடும் கிரிக்கெட் ஆப்பான ட்ரீம்11 வந்தது. கிட்டத்தட்டப் பாதி விலை. ஸ்டாரோ 2018 முதல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமைக்கு 16,347.5 கோடிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தது. அதாவது ஓர் ஆட்டத்துக்கு 50 கோடிக்கு மேல். மைதானத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓவருக்கு இடையே உள்ள அந்தச் சில விநாடிகளை விற்றாக வேண்டும். வாங்குவதற்கு யார் இருந்தார்கள்? கார் விற்கவில்லை, விமானம் பறக்கவில்லை, நகைக்கடையில் ஈயாடியது. முதலீட்டாளர் பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆன்லைன் வகுப்புக்காரர்களும் விளையாட்டு ஆப்காரர்களும்தான். எல்லோரும் வீட்டில் போனும் கையுமாக இருந்த காலம் வேறு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். அதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கல்லாவில் காசை வைத்தவன் சரக்கு திரையில் ஓடியது.

எனக்குக் குத்தியது அந்த எச்சரிக்கை வாசகம். அந்த ஆட்டங்களில் ஓடிய ஓர் ஆப் விளம்பரத்தில், படத்தில் வரும் ஆணுக்கு வேறொருவர் பேசினார். கடைசியில் வரும் எச்சரிக்கை மட்டும் என்னுடையது. முழு விளம்பரத்தில் ஆடி ஜெயித்தவன் சிரிக்கவும் குதிக்கவும் தாராளமாக நேரம் உண்டு. பணத்தை இழக்க நேரிடலாம், அடிமையாகவும் ஆகலாம் என்று சொல்ல எனக்குக் கிடைத்தது ஓரிரு விநாடி. என்னால் முடிந்த வேகத்தில் மூச்சு விடாமல் பேசி அனுப்பினேன். போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இன்னும் நெருக்கினார்கள். சொற்களுக்கு இடையே இருந்த மூச்சை வெட்டி எடுத்தார்கள். "இழக்க" என்ற சொல்லில் ழகரத்தைக் காணவில்லை. தமிழ் உச்சரிப்புக்காகவே எனக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். வீட்டில் டிவியில் அது ஓடியபோது என் மகன், "அம்மா, இது எந்த மொழி?" என்றான்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, 2020 டிசம்பர் 15 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டு விளம்பரங்களில் எச்சரிக்கையை விளம்பரம் எந்த மொழியோ அதே மொழியில், சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் ஆடுவது போலக் காட்டக் கூடாது. இதை ஒரு வருமான வழி என்று சொல்லக் கூடாது. அந்த விதிக்குப் பிறகு அதே எச்சரிக்கையைத் திரும்பப் பேசக் கூப்பிட்டார்கள். இந்த முறை முழு வாக்கியமாக, ழகரத்தோடு பேசினேன்.

"இவ்வளவு தெரிந்தும் ஏன் பேசினாய்" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். எச்சரிக்கையைப் பேசியவளிடம் இந்தக் கேள்வி வருவதே வேடிக்கை. அந்த விளம்பரங்களில் சிரித்துக்கொண்டு வந்த பிரபலங்களைக் கேளுங்கள். சிலருக்கு 2020 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே நோட்டீஸ் அனுப்பியது. தமிழக அரசு அதே மாதம் இந்த விளையாட்டுகளை அவசரச் சட்டத்தால் தடை செய்தது, பின்னால் வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் வர 2025 ஆகஸ்ட் ஆனது. பெரியவர்கள் தீர்க்கவே அத்தனை ஆண்டு எடுத்த விஷயத்தில், வாடகை கட்ட வேண்டியவளிடம் தீர்ப்பு எதிர்பார்க்காதீர்கள்.

கூட்டத்தின் சத்தம் விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்காத பதில்: நான் அதற்கு ஆதரவுதான். சத்தத்தோடு பிழைக்கிறவள் என்பதால் சொல்கிறேன். 2020 மே 16ஆம் தேதி ஜெர்மனியின் கால்பந்து லீக் காலி மைதானத்தில் மீண்டும் தொடங்கியபோது பந்தை உதைக்கும் சத்தமும் பயிற்சியாளர்களின் கத்தலும்தான் கேட்டன. ஐந்து நிமிடம் புதுமையாக இருக்கும், அப்புறம் பயிற்சி ஆட்டம் பார்ப்பது போலாகிவிடும். இங்கிலாந்தில் ஜூன் மாதம் ஆட்டங்கள் திரும்பியபோது சத்தத்தோடும் பார்க்கலாம், சத்தமில்லாமலும் பார்க்கலாம் என்று இரண்டு வழியும் வைத்தார்கள். அதுதான் மரியாதை.

நம்மிடம் வந்த கூட்டத்தின் குறை, அதற்குச் சந்தோஷப்பட மட்டுமே தெரிந்திருந்தது. பவுண்டரி போனால் ஒரு கத்தல், விக்கெட் விழுந்தால் அதே கத்தல். சென்னை அணி முதல்முறையாக பிளே ஆஃப் போகாமல் வெளியேறிய ஆண்டு அது. தோனி நின்று நின்று ஆடி, ஜெயிக்கத் தேவையான ரன் ரேட் ஏறிக்கொண்டே போகும்போது நிஜக் கூட்டம் என்ன செய்திருக்கும்? "ப்ச்" என்றிருக்கும், முனகியிருக்கும், பக்கத்து ஆளிடம் சண்டை போட்டிருக்கும். டிவியில் வந்த கூட்டம் கடைசிவரை உற்சாகமாக இருந்தது.

வித்தியாசம் எனக்கு முழுதாகத் தெரிந்தது 2021 பிப்ரவரியில். சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி அரங்கம் திறந்தார்கள். அஸ்வின் 106 அடித்த ஆட்டம். கடைசி ஆளாக வந்த சிராஜ் தடுத்த பந்துக்கெல்லாம் கைதட்டல், அஸ்வின் சதம் அடித்ததும் அவரைவிட உயரமாகக் குதித்தது சிராஜ். ஒரு ரன்கூட வராத பந்துக்குக் கைதட்டலாம் என்று எந்த ஒலிக்கோப்புக்கும் தோன்றாது.

எனக்கு இன்றைக்கும் விளங்காதது அதற்கடுத்த ஏப்ரல். நாள்தோறும் லட்சக்கணக்கில் தொற்று, ஆக்சிஜனுக்கு அலைச்சல். ஐபிஎல் உள்ளூரில், பூட்டிய அரங்கங்களில் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் ஆட்டங்களை ஒட்டி வரும் ஒரு விளம்பரத்துக்கு விசில், ஆட்டம், பாட்டம் என்று கத்த வேண்டிய வேலை. பழையபடி பீரோ, பழையபடி கம்பளி. ஆற்காடு சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று போகும், "அக்கா, பின்னாடி சத்தம் வருது, ஒன் மோர்" என்பான் அந்த சவுண்ட் இன்ஜினியர். அது ஓயக் காத்திருந்து வாயைத் திறந்தால் இன்னொன்று வரும். வழக்கமாகக் கிண்டலடிக்கும் பையன் கடைசியில், "இருக்கட்டும்க்கா, ராத்திரி பேசிக்கலாம்" என்றான். ராத்திரியும் ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது.

ஏப்ரல் 25 அன்று சேப்பாக்கத்தில் சூப்பர் ஓவர் வரை போன டெல்லி ஆட்டம் முடிந்ததும், குடும்பம் கொரோனாவோடு போராடுகிறது என்று சொல்லி அஸ்வின் விலகினார். அதே நாளில் தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் ஐபிஎல் செய்திகளை நிறுத்துவதாக அறிவித்தது. டிவியில் அதே கத்தல், அதே அளவு வால்யூம். ஆட்டத்தையே நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தனியறையில் படுத்திருந்த என் மாமியாருக்கு மாலையில் அந்த ஆட்டம்தான் துணை. ஆனால் அந்தப் பொய்க் கூட்டத்தை ஒரு வாரமாவது அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்குகிற வேலை, காசு செலவில்லை. வீரர்களுக்கே தொற்று வந்து மே 4 அன்று தொடர் நின்றது, அப்போதுதான் அந்தச் சத்தமும் நின்றது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் தொழிலில் பேசிய பணம் கைக்கு வர மூன்று மாதம் என்பது எழுதப்படாத சட்டம். கொரோனாவைக் காட்டி அதை ஆறு மாதமாக்கினார்கள், நோய் போன பிறகும் ஆறு மாதம் ஆறு மாதமாகவே நிற்கிறது. இப்போது எங்கள் குரலை வைத்துக் கம்ப்யூட்டரையே பேசவைக்கிறார்களாம், அதற்குக் கையெழுத்துக் கேட்டுப் படிவம் வருகிறது. அன்றைக்கு நான் பேசிய வேலைகளில், அந்த ஆப் விளம்பரத்தின் பணம் சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது. "கடினமான நேரத்தில் உங்களோடு இருக்கிறோம்" என்ற பெரிய கம்பெனி விளம்பரத்தின் பில்தான் இன்னும் பாக்கி. அந்த ஏஜென்சியில் யாராவது இதைப் படித்தால், என் வங்கிக் கணக்கு எண் மாறவில்லை.