சிவப்பு கிமோனோ

அன்புள்ள ஐயா,

குடி, போதை, விபச்சாரம் பற்றி அமெரிக்காவில் வந்த பேசாப்படங்கள் சிலவற்றை யூடியூபில் பார்த்தேன். படம் முழுக்க அசிங்கத்தைக் காட்டிவிட்டுக் கடைசி இரண்டு நிமிடம் உபதேசம் செய்கிறார்கள். இதையா சீர்திருத்தப் படம் என்கிறோம்?

கே.

அன்புள்ள கே.,

பாதி சரி. 1913-இல் வந்த ‘டிராஃபிக் இன் சோல்ஸ்’ பெண்களைக் கடத்தி விற்கும் கும்பலைப் பற்றியது. கூட்டம் அலைமோதியது, அத்தனை பேரும் ஒழுக்கம் கற்கவா போயிருப்பார்கள்? ஆனால் அதில் கும்பலின் தலைவன் யார் என்று கவனித்தீர்களா? ஒழுக்கச் சங்கத்தின் தலைவரேதான்! உங்கள் சந்தேகம் படம் எடுத்தவர்களுக்கும் இருந்திருக்கிறது.

என்னை உறுத்துவது அக்கறையோடு எடுத்தவர்களின் கதை. டோரதி டேவன்போர்ட் ஒரு நடிகை. கணவர் வாலஸ் ரீட் பெரிய நட்சத்திரம். ரயில் விபத்தில் அடிபட்டு, வலிக்குக் கொடுத்த மார்ஃபினுக்கே அடிமையாகி, 1923 ஜனவரியில் இறந்துபோனார். அதே ஆண்டு டோரதி போதைக்கு எதிராக ‘ஹியூமன் ரெக்கேஜ்’ எடுத்தார். (அதன் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை.) அவரைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் 1925-இல் ‘தி ரெட் கிமோனோ’. தன்னை ஏமாற்றிப் பாலியல் தொழிலில் தள்ளியவனைச் சுட்டுக் கொன்று, வழக்கில் விடுதலையான பெண்ணின் கதை. கருப்பு வெள்ளைப் படத்தில் அவள் அணியும் கிமோனோவுக்கு (ஜப்பானிய பாணித் தளர்ந்த அங்கி) கையால் சிவப்பு தீட்டியிருப்பார்கள். அழகான வேலை. டோரதியே திரையில் தோன்றி, இது உண்மையில் நடந்தது என்று சொல்கிறார்.

அங்கேதான் வினை. கதாநாயகிக்கு அந்தப் பெண்ணின் நிஜப் பெயரையே வைத்துவிட்டார்கள். அவரோ அதற்குள் கல்யாணமாகி, பழைய கதை தெரியாதவர்கள் நடுவே கௌரவமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். படம் வந்ததும் விஷயம் தெரிந்து நண்பர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். ‘விழுந்த’ பெண்ணுக்கு இரக்கம் கேட்ட படத்தின் மேல், எழுந்து நின்ற பெண் போட்ட வழக்கு.

1931-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வழக்குப் பதிவேட்டில் உள்ள சம்பவங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம். திருந்தி வாழ்பவரின் பெயரை அதோடு சேர்த்து இழுத்ததுதான் தப்பு என்றது. மகிழ்ச்சியைத் தேடும் உரிமை அந்த மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, அதைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள்.

அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், அது வேறு.