கேள்வி பதில்: காய்களுக்குப் பெயர் வைத்தால்

வாசகி, கோபிசெட்டிபாளையம்:
ஈரோட்டுக் கல்லூரிக்குப் போய்வரும் என் மகன், பேருந்திலும் வீட்டுத் திண்ணையிலும் கேம் பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, ‘ஃபயர் எம்பளம்’ என்ற விளையாட்டின் கட்டங்களையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அதில் சுடுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. கேட்டால், "இரும்மா, யோசிச்சுட்டிருக்கேன்" என்கிறான். அப்படி யோசிக்க அதில் என்னதான் இருக்கிறது?

பதில்:
உங்கள் மகன் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். கோயில் மண்டபத் தரையில் கீறிய கோடுகளின் மேல் ஆடு புலி ஆட்டம் ஆடுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று புலிகளுக்கு எதிராகப் பதினைந்து ஆடுகளை வைத்திருப்பவர், அடுத்த ஆட்டை எங்கே வைப்பது என்று வெற்றிலையை மென்றபடி கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்வார். அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. இந்த விளையாட்டிலும் நீங்கள் காயை நகர்த்தும்வரை எதிரி காத்திருப்பான். பேருந்து கவுந்தப்பாடியில் நின்றாலும், பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தாலும் ஆட்டம் கெடுவதில்லை. கருவியை அப்படியே அணைத்துவிட்டு இரவு மீண்டும் எடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சிறிய திரையும் இதற்குக் குறையாகத் தெரிவதில்லை. கேம் பாய் அட்வான்ஸின் திரையில் இருப்பவை 240க்கு 160 புள்ளிகள்தாம். பதினாறு புள்ளிக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் குறுக்கே 15, நெடுக்கே 10, ஆக 150 கட்டங்கள் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. 1990இல் ஜப்பானில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்காக வெளிவந்த இந்த வரிசை, 2003இல் முதன்முறையாக ஜப்பானுக்கு வெளியே சென்றபோது இந்தக் கையடக்கக் கருவியில்தான் சென்றது.

கணக்கு எளிமையாகத்தான் தொடங்குகிறது. வாள் கோடரியை மிஞ்சும், கோடரி ஈட்டியை மிஞ்சும், ஈட்டி வாளை மிஞ்சும். ஆனால் ஈட்டிக்காரனை ஒரு கட்டம் முன்னே நிறுத்தினால் அவன் பின்னால் நிற்கும் மருத்துவச்சிக்குக் காவல் போய்விடும். காட்டுக்குள் நிறுத்தினால் அவன்மேல் விழும் அடிகள் பலவும் தவறும், குதிரை வீரனுக்கோ அந்தக் காட்டைக் கடப்பதே பாடாகிவிடும். பறக்கும் குதிரையில் வருபவளை மலைக்கு அப்பால் அனுப்பினால் அங்கே வில்லாளி ஒருவன் காத்திருக்கலாம். இவற்றையெல்லாம் மனத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு காயை நகர்த்த முடியும்.

ஆடு புலி ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே ஆடுகளுக்குப் பெயர் உண்டு என்பதுதான். ஒவ்வொரு காய்க்கும் ஒரு முகமும் ஊரும் தோழமையும் இருக்கின்றன. வெட்டுப்பட்ட ஆட்டுக்காக யாரும் வருந்துவதில்லை. இங்கே களத்தில் விழுந்த வீரனோ கதை முடியும்வரை திரும்ப வருவதில்லை. ஈரோடு பேருந்து நிலையத்தில் அவசரமாக ஒரு பொத்தானை அழுத்தி, இருபது மணி நேரம் வளர்த்த மருத்துவச்சி ஒருத்தியை நான் பறிகொடுத்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆடிய களத்தை முழுதாக அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். அண்ணன்மார் கதையில் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும் சடங்கைக் கண்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு, விழுந்தவளை அப்படியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

வாசகர், திருப்பூர்:
அதே விளையாட்டைத்தான் நானும் பனியன் கம்பெனி இரவு ஷிஃப்ட்டின் இடைவேளையில் ஆடுகிறேன். அடி படும் வாய்ப்பு 90 என்று காட்டிவிட்டு, அடி தவறிப்போகிறது. விளையாட்டு நம்மை ஏமாற்றுகிறதா?

பதில்:
ஏமாற்றுகிறதுதான், ஆனால் உங்களுக்குச் சாதகமாக. 2002இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ஆட்டம் முதல், இந்த வரிசையின் பல ஆட்டங்களில் கருவி 0 முதல் 99 வரை குருட்டாம்போக்கில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டிய எண்ணோடு ஒப்பிடுகிறது; சராசரி குறைவாக இருந்தால் அடி படும். சராசரி எப்போதும் நடுப்பக்கம் சாய்வதால், 90 என்று காட்டும் அடி உண்மையில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 முறை படும்; 10 என்று காட்டும் அடியோ ஏறத்தாழ 2 முறைதான் படும். எதிரிகள் பெரும்பாலும் குறைந்த வாய்ப்போடும் உங்கள் ஆட்கள் கூடுதல் வாய்ப்போடும் அடிப்பதால், லாபம் உங்கள் பக்கமே சேர்கிறது. தவறிய அந்த ஓர் அடி நினைவில் நிற்பதும், பட்ட நாற்பத்தொன்பது மறந்துபோவதும் விளையாட்டின் குற்றமல்ல.

வாசகர், பொள்ளாச்சி:
இந்த வகையை இதுவரை ஆடியதே இல்லை. எதில் தொடங்கலாம்?

பதில்:
நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி கிடைத்தால் 2012இல் வந்த ‘ஃபயர் எம்பளம் அவேக்கனிங்’. அதில் ‘கேஷுவல்’ முறையைத் தேர்ந்தெடுத்தால், விழுந்தவர்கள் அடுத்த களத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பழகிய பிறகு, விழுந்தவர்கள் திரும்பாத ‘கிளாசிக்’ முறைக்கு மாறுங்கள். காட்டில் யாரை நிறுத்துவது என்று அப்போதுதான் உண்மையாக யோசிப்பீர்கள். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி வைத்திருப்பவர்கள், 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்து பத்தாண்டு கழித்து அந்தக் கருவிக்கு மாறிய ‘ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்’ஸை எடுக்கலாம், அதன் அரசியல் கதை கனமானது, பொறுமை வேண்டும். 3டிஎஸ்ஸுக்கான இணையக் கடை 2023இல் மூடப்பட்டுவிட்டதால் கருவியில் செருகும் பழைய விளையாட்டு அட்டையை, அதாவது கேட்ரிட்ஜைத்தான் தேட வேண்டும். வாங்கும்முன் உங்கள் கருவி ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா இவற்றில் எந்தப் பகுதிக்குரியது என்று பாருங்கள். ஒரு பகுதியின் கேட்ரிட்ஜ் இன்னொரு பகுதிக் கருவியில் ஓடாது.