கரண்ட் வந்ததும் ரௌட்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரண்ட் போய் மறுபடி வந்ததும் சில ரௌட்டர்கள் விளக்கை மினுக்கிக்கொண்டே கிடக்கும், ஏன் என்பதுதான் கேள்வி. ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் மென்பொருள். விழித்ததும் பல ரௌட்டர்கள் சர்வரிடம் (புதிய ஃபர்ம்வேரை வைத்திருக்கும் தொலைதூரக் கணினி) கடைசிப் பதிப்பின் எண்ணைக் கேட்கும்; புதியது இருந்தால் இறக்கி, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்தை (அது அவர்கள் தந்ததுதான் என்பதற்கான அடையாளம்) சரிபார்த்து, அப்புறம்தான் எழுதும். விழித்த கையோடு பார்ப்பது ஏனென்றால், அப்போது பொதுவாக வேறு வேலை ஓடாது. நல்ல கருவியில் ஃபர்ம்வேரை வைக்க இரண்டு இடம் உண்டு, பழையது ஒன்றில் இருக்க, புதியது மற்றதில் ஏறும். பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் உணவு) கடையில் புதுக் குழம்பை ருசி பார்க்கும்வரை பழைய சட்டியைக் கொட்டமாட்டார்கள் அல்லவா, அதேதான். ஒரே இடம் உள்ள மலிவுக் கருவியில் எழுதும்போது கரண்ட் போனால் (நம் ஊரில் கேட்கவா வேண்டும்!) அது வெறும் டப்பாவாகிவிடலாம்.

ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்கி டேட்டாவைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பாலும் எண்ணை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.