மார்ச் மாதத்தில் குழாய்நீர் உப்புக் கரிப்பது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் வசிக்கிறோம். பெப்ரவரி முடிவிலிருந்து குழாய்நீர் லேசாக உப்புக் கரிக்கிறது. மலைநாட்டில் மின்சார சபை தண்ணீரை மறித்து வைத்திருப்பதே காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

பதில்: போதாது. கொதிக்கும்போது நீர் ஆவியாகிறதே தவிர உப்பு அப்படியே தங்கிவிடுவதால், கரிப்பு சற்றுக் கூடவே செய்யும். மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் குழல் பொருத்திய சாதாரண வடிகட்டியும் உப்பைப் பிடிக்காது.

அயலவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கொழும்புக்கான குடிநீரின் பெரும்பகுதியை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிறது. அந்த ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை இயக்குவதோ மின்சாரத் தரப்பு. அங்கிருந்து இறங்கும் நீர், 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான உட்படப் பல மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் களனி கங்கையிலேயே வந்து சேர்கிறது. மின்னுற்பத்தி தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. அது எப்போது கீழே வரும் என்பதைத்தான் மாற்றுகிறது. மழைக்காலத்தில் சேமித்த நீரை வறட்சியில் திறந்துவிடுவதால், அணைகளே இல்லாதிருந்தால் ஆறு இதைவிட மெலிந்திருக்கும். இதை அயலவரிடம் சொல்லுங்கள்.

சிக்கல் எழுவது நீர்த்தேக்கங்கள் தாழ்ந்து, மாலை 6.30 முதல் 10.30 வரையிலான உச்சநேரத் தேவைக்காக நீரைச் சிக்கனமாக வைத்திருக்கும் நாட்களில்தான். மேலிருந்து வரும் ஓட்டம் குறையும்போது, முகத்துவாரம் வழியே நுழையும் கடல்நீர், நன்னீரைவிட அடர்த்தியானதாகையால், ஆற்றின் அடித்தளத்தோடு ஊர்ந்து மேலேறுகிறது. பல ஆண்டு மணல் அகழ்வால் களனியின் படுகை தாழ்ந்துபோனது அதற்கு இன்னும் வசதியாகிவிட்டது. என் கணிப்பில், அணைகளைவிட இதுவே பெரிய குற்றவாளி. இதைத் தடுக்கவே வறட்சிக் காலங்களில் அம்பத்தலையில் ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூடைகள் அடுக்கப்பட்டு வந்தன. மேலதிக நீரைத் திறக்கும்படி மின்சாரத் தரப்பிடம் நீர் வழங்கல் சபை கேட்டுக்கொள்வதும் உண்டு.

ஆனால், உங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஆற்றைக் குறைசொல்லுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நீர்மானிக்கு அடுத்துள்ள, நிலக்கீழ்த் தாங்கிக்கு முந்திய குழாயில் ஒரு கோப்பை பிடித்துச் சுவைத்துப் பாருங்கள். பிறகு சமையலறைக் குழாயில் இன்னொன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் கரித்தால், கடற்கரையோர நிலத்தின் உவர்நீர் வெடிப்பு வழியே தாங்கிக்குள் கசிகிறது, அல்லது கட்டடத்தின் கிணற்றுநீர் அதனோடு கலக்கிறது. அதைத் தொடர்மாடி நிர்வாகம்தான் திருத்த வேண்டும்.

இரண்டுமே கரித்தால், கடல் ஏற்ற இறக்கத்தோடு உப்பளவும் மாறக்கூடுமென்பதால், கரிப்பு இல்லாத வேளையில் குடிநீரைத் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். குழந்தைக்குப் பால்மா கரைக்கவும், இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் குடிக்கவும் போத்தல் நீரே நல்லது. இலங்கைத் தரநிலைப்படி குடிநீரில் குளோரைட்டு (உப்பின் ஒரு கூறு) லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நாக்குக்குக் கரிப்புத் தெரிவதும் ஏறத்தாழ அந்த அளவில்தான். ஆகவே கரிப்புத் தெரிந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 1939 என்ற இலக்கத்தில் நீர் வழங்கல் சபைக்கு அறிவித்து, மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.