மாமா வரச் சொல்கிறார், கம்பஸ் மாறலாமா?

கேள்வி: யாழ் பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகமாணி இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறேன். ஸ்காபரோவில் இருக்கிற மாமா, "ரெண்டு வருசம் முடிச்சிட்டாய்தானே, இங்க வந்து மூன்றாம் வருசத்தில சேர், ரெண்டு வருசத்தில கனடா டிகிரி" என்கிறார். நல்ல இடம் கிடைக்காவிட்டாலும் ஏதாவது ஒரு கொலிஜில் சேர்ந்து வந்துவிட்டுப் பிறகு மாறலாமாம். அம்மாவுக்கு விருப்பம். அப்பா ஒன்றும் சொல்கிறார் இல்லை. போகவா?
(கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பிள்ளை, மாமா இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டியிருக்கிறார். பல்கலைக்கழகம் வருடத்தைக் கூட்டாது, கிரெடிட்டைத்தான் (ஒவ்வொரு பாடத்துக்கும் தருகிற படிப்பு அலகு) கூட்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், வருடத்துக்கு 30. கனடாவிலும் பல இடங்களில் இதே 120தான். எண் ஒன்றாக இருப்பதால் உங்கள் 60ஐ அப்படியே தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் விளக்கத்தையும் எடுத்து வாசித்து, அதற்கு நேரான பாடம் தங்களிடம் இருக்கிறதா, நீங்கள் எடுத்த பெறுபேறு போதுமா என்று பார்ப்பார்கள். நிதிக் கணக்கீடு, நுண்பாகப் பொருளியல், புள்ளிவிபரவியல் போன்றவை பெரும்பாலும் ஏற்கப்பட்டுவிடும். வணிகச் சட்டமும் வரியும் இலங்கைச் சட்டம், இலங்கை வரி; அதை வைத்து அங்கே என்ன செய்வது? இன்னும் சில பாடங்களை "பொதுத் தெரிவு" என்று ஏற்றுக்கொள்வார்கள். அப்போது கிரெடிட் கிடைக்கும், ஆனால் பட்டத்துக்குக் கட்டாயமான பாடத்தைத் திரும்பவும் படிக்கத்தான் வேண்டும். கனக்கப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதோடு, பட்டம் தருகிற பல்கலைக்கழகம் குறைந்தது இத்தனை கிரெடிட் தன்னிடமே படித்திருக்க வேண்டும் என்று ஒரு எல்லையும் வைத்திருக்கும்; பல இடங்களில் அது பாதி.

என் அக்காவின் மகன் இப்படித்தான் போனான். எல்லாம் சரி என்று முகவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். போய் இறங்கி மூன்றாம் கிழமை கடிதம் வந்தது: ஐந்து பாடம் மட்டும் ஏற்கப்பட்டது, முதலாம் வருடத்தில் பதியவும். இங்கே இருந்த இடத்தையும் விட்டாயிற்று. அந்த வருடம் நல்லூர்த் தேருக்கு அக்கா வெறுங்கழுத்தோடு வந்தார். நகை முழுக்க அடைவில்.

மாமா முழுக்கப் பிழையாகச் சொன்னார் என்றும் இல்லை. ஒன்ராறியோவில் லண்டன் என்ற ஊரில் (அந்த லண்டன் வேறு) வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் ஐவி வணிகப் பள்ளி இருக்கிறது. அங்கே எச்பிஏ என்கிற வணிக நிர்வாகச் சிறப்புப் பட்டத்தின் வணிகப் படிப்பே மூன்றாம் வருடத்தில்தான் தொடங்கும், முதல் இரண்டு வருடமும் வேறு துறை படித்துவிட்டு வரலாம். இப்படி எதையாவது யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் மாமா சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாதிரி இடங்களுக்கு நல்ல புள்ளியும் வேண்டும், அவர்கள் கேட்கிற கணக்கீட்டுப் பாடமும் வேண்டும், போட்டியும் கடுமை.

ஏதாவது கொலிஜில் சேர்ந்துவிட்டு மாறுகிற கதையை மட்டும் அடியோடு விடுங்கள். முன்பு கல்வி நிறுவனம் மாறினால் இணையத்தில் அறிவித்தால் போதும். 2024 நவம்பர் 8 முதல், நிறுவனம் மாறுவதற்குப் புதிதாகக் கல்வி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதற்கும் வருகிறேன். 2025 செப்டம்பரில் வந்த கணக்கின்படி, அந்த அனுமதிக்குத் தனியாள் ஒருவர் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 22,895 கனடிய டொலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கட்டணமும் விமானச் சீட்டும் இதற்குள் வராது. அப்பா மனதுக்குள் அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்திருப்பார்.

போக விருப்பமென்றால் இங்கே படித்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். பெறுபேற்று அறிக்கையை எடுங்கள், ஒவ்வொரு பாடத்தின் விளக்கத்தையும் பீடத்தில் கேட்டு வாங்குங்கள் (பத்துத் தரம் நடக்க வேண்டிவரும், நடவுங்கள்). எந்தப் பாடம் எதற்கு நேராக ஏற்கப்படுகிறது, எத்தனையாம் வருடத்தில் சேர்ப்பீர்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாட்ஸ்அப் குரல் பதிவெல்லாம் எழுத்து ஆகாது. ஐம்பதுக்கு மேல் கிரெடிட் ஏற்று, மூன்றாம் வருடம் என்றும் எழுதித் தந்தால் காசுக் கணக்கைப் பார்த்து யோசியுங்கள். இல்லையென்றால் மிச்ச இரண்டு வருடத்தையும் இங்கேயே இலவசமாக முடித்துவிட்டு முதுமாணிக்குப் போங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

கேள்வி: மகனுக்கு வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் யாழ் கம்பஸின் கிளைதானே, உள்ளுக்குள்ளே மாற்ற யாரைப் பிடிக்க வேண்டும்?
(சாவகச்சேரியிலிருந்து ஒரு அம்மா)

பதில்: யாரையும் பிடிக்க வேண்டாம் அம்மா. அது கிளையாக இருந்த காலம் போய்விட்டது. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியா தனிப் பல்கலைக்கழகம். எங்கே இடம் என்பது உயர்தரப் பரீட்சை இசட் புள்ளியையும் மகன் விண்ணப்பத்தில் போட்ட விருப்ப ஒழுங்கையும் பார்த்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முடிவு செய்தது. பிறகு மாறுவது கடும் சுகவீனம் போன்ற காரணத்துக்கு, அதுவும் இரண்டு பக்கமும் சம்மதித்தால், அபூர்வமாக நடக்கிற காரியம். கற்கைநெறியின் பெயரே வேறென்றால் அந்தப் பேச்சும் இல்லை. ஆணைக்குழுவின் அந்த வருடத்து அனுமதிக் கைநூலில் மாற்றம் பற்றிய பகுதியை ஒருதரம் வடிவாக வாசியுங்கள். அதுவரை மகனைப் பம்பைமடுவுக்கு (வவுனியா கம்பஸ் இருக்கிற இடம்) அனுப்பி வையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் இராச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பான்.

கேள்வி: ஸ்ரான்லி வீதியில் ஒரு பலகை பார்த்தேன். இரண்டு வருடம் இங்கே டிப்ளோமா, கடைசி வருடம் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டம், "240 கிரெடிட்" என்று இருக்கிறது. எங்கள் 120ஐ விடப் பெரிதா? நம்பலாமா?
(மானிப்பாய் வாசகர்)

பதில்: எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள் தம்பி. அங்கே வருடத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 360. 240 என்றால் முதல் இரண்டு வருடம், அவ்வளவுதான். இந்த வழி உண்மையில் இருக்கிற வழிதான், நல்லபடி முடித்தவர்களும் உண்டு. பட்டச் சான்றிதழில் யாருடைய பெயர் வரும் என்று கேளுங்கள். "இணைந்து வழங்கும்" என்று இழுத்தால் எழும்பி வாருங்கள். அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைநூலிலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க அதைத்தான் பார்க்கும். நாளைக்கு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

கேள்வி: கம்பஸ் மாறினால் பழைய ஜிபிஏயும் (பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி) கூடவே வருமா?
(பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்: கனடா, அமெரிக்கா என்றால் பெரும்பாலும் வராது; கிரெடிட் மட்டும் போகும், ஜிபிஏ அங்கே புதிதாகத் தொடங்கும். சந்தோசப்படுகிறீர்கள் போலிருக்கிறது. உங்களை எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அவர்கள் பார்ப்பது அந்தப் பழைய ஜிபிஏயைத்தான்.