துப்பாக்கி ஏந்திய சிறுவனும் அமைதிப்படை வீரரும்

கேள்வி: காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றித் திரும்பிய ராணுவத்தினர் ஒருவர் எங்கள் பள்ளியில் பேசினார். எதிரே துப்பாக்கியுடன் நிற்பவன் சிறுவன் என்றால் வீரர் என்ன செய்வார் என்று ஒரு மாணவி கேட்டாள்; அதற்குள் மணி அடித்துவிட்டது. விடை என்ன?
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: மணி அவரைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன், எளிய கேள்வி அன்று அது. தற்காப்புக்காகச் சுடும் உரிமை வீரருக்கு உண்டு என்றாலும் அது கடைசி வழியே. பிடிபட்ட சிறுவனை எதிரியாகக் கொள்ளாமல் முதலில் பாதிக்கப்பட்டவனாகவே கருதி, அவனிடம் உளவுத் தகவல் கறக்க முயலாமல், அமைதிப்படையின் குழந்தைப் பாதுகாப்பு ஆலோசகரிடமோ யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் நிதியம்) போன்ற அமைப்பிடமோ விரைந்து ஒப்படைக்க வேண்டும் என்பதே நெறி. போரில் குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொலை, படையில் சேர்த்தல், கடத்தல், பாலியல் வன்முறை, பள்ளிகள் மருத்துவமனைகள் மீதான தாக்குதல், நிவாரண மறுப்பு ஆகிய ஆறு கொடுமைகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2005-ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் வந்தது. ரோந்து செல்லும் வீரர் தாமே துருவி விசாரிக்காமல், கண்டதைக் கண்டபடி அந்த ஆலோசகரிடம் தெரிவித்தால் போதும்.

கேட்டவள் மாணவி என்பதால் இதையும் சொல்லிவிடுங்கள்: போர்க்குழுக்களில் சமைக்கவும் சுமக்கவும் வைக்கப்பட்ட சிறுமிகள், ஒப்படைக்கக் கையில் ஆயுதம் இல்லாததாலேயே மறுவாழ்வுத் திட்டங்களில் பெருமளவில் விடுபட்டிருக்கிறார்கள்.