பட்டறைக் கேள்விகள்: டைட்டானியமும் அதன் ஆக்சிஜன் பசியும்

கேள்வி: டைட்டானியம் பவுடரை உருக்காமலே பத்தே நிமிடத்தில் கட்டியாக்கும் 'ஸ்பார்க் பிளாஸ்மா' மெஷின் இருக்கிறதாமே? என்னிடம் 20 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் இண்டக்‌ஷன் ஹீட்டரும் இருக்கின்றன. முயன்று பார்க்கலாமா?
- லேத் பட்டறை வாசகர், கோவை

பதில்: வேண்டாம். பிரஸ் போதும், சூடும் போதும். காற்றை என்ன செய்வீர்கள்? சூடேறிய டைட்டானியம் அதிலிருக்கும் ஆக்சிஜனை விழுங்கிவிடுமே.

ஒரு ஆய்வுக்கூடத்தில் அந்த மெஷினோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். பெயரில் இருக்கிற பிளாஸ்மா, உள்ளே தேடிப் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. வேலை நடக்கும் விதம் எளிது. கிராஃபைட் டைக்குள், அதாவது அச்சுக்குள், கிராஃபைட் தாளைச் சுற்றி, பவுடரைக் கொட்டி, அழுத்துகிற தண்டான பஞ்சை மேலும் கீழும் வைத்து, காற்றில்லாத வாக்குவத்தில் பூட்டுவோம். பஞ்ச் வழியாகச் சில வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். டையே அடுப்பாகிவிடும். கூடவே அழுத்தமும். 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. உயரத்தில் ஒரு வில்லைக்குக் கிரேடு 5 பவுடர் (அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம்) 7 கிராம் போதும். 50 மெகாபாஸ்கல் அழுத்தம் என்றால் சுமார் 1.6 டன் சுமை. உங்கள் பிரஸ்ஸுக்கு இது விளையாட்டு. 1,600 டிகிரிக்கு மேல் உருகும் உலோகம் 950 டிகிரியிலேயே, ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும்.

புட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கரைவதில்லை, மணிகள் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. புட்டில் இடைவெளி இருந்தால்தான் ருசி. இங்கே அது கூடாது என்பதற்காகத்தான் அழுத்துகிறோம். பஞ்ச் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். அளவுமானியில் முள் நின்றுவிட்டால் இறங்க இனி இடமில்லை என்று அர்த்தம்.

முள் நின்றதே என்று ஏமாந்த கதை ஒன்று உண்டு. புதிதாக வந்த பவுடர், விலை மலிவு, நல்ல நைஸ். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் சைஸை மட்டும் பார்த்தேன். வில்லை பளபளவென்று வந்தது. தண்ணீரில் முக்கி எடை போட்டால் அடர்த்தி 4.4க்கு மேல், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அறுத்து வளைத்துப் பார்த்தோம். பிஸ்கட் மாதிரி 'டக்'. சோதனைக்கு அனுப்பியதில் ஆக்சிஜன் 0.4 சதவீதம். கிரேடு 5க்கு அனுமதி 0.20 வரைதான். சீட்டின் கடைசி வரியில் அந்த 0.4 அச்சடித்தே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்காதது என் தப்பு.

அலுமினியத் தூளின் மேல் இருக்கும் ஆக்சைடு தோல் சூட்டிலும் விலகாது. மணிகளை ஒட்டவிடாமல் நடுவில் நிற்கும். டைட்டானியம் தன் தோலைத் தானே விழுங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு சுலபமாக ஒட்டுகிறது. ஆனால் விழுங்கிய ஆக்சிஜன் உள்ளேயே தங்கி உலோகத்தை முறுக வைத்துவிடும். அதை வெளியே எடுக்க, பவுடரை உருக்காமல் சுட்டு இறுக்கும் எந்த சின்டரிங் மெஷினாலும் ஆகாது. வேகமாக முடித்தால் புதிதாகச் சேர்வது குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்று: இந்த முறையில் வில்லை, தகடு, உருளை என்று எளிய வடிவங்கள்தான் சரிப்படும். டையிலிருந்து கார்பன் ஏறிய மேல்தோலையும் கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும். சிக்கலான வடிவம் வேண்டுமென்றால் பவுடரை ஸ்டீல் டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி மூடி, 920 டிகிரியில் ஆயிரம் அட்மாஸ்ஃபியர் ஆர்கான் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அது பெரிய வீட்டுச் சமையல்.

உங்களுக்குக் கையில் காசு சேர்ந்தால் நல்ல வாக்குவம் ஃபர்னஸ் வாங்குங்கள். ஹைட்ரஜன் ஏற்றிய டைட்டானியமான டைட்டானியம் ஹைட்ரைடு பவுடரைக் குளிரிலேயே அழுத்தி அதில் சுடலாம். சூட்டில் வெளியேறிப் போகிற ஹைட்ரஜன் மணிகளின் மேற்பரப்பைக் கொஞ்சம் துடைத்துவிட்டே போகும்.

கேள்வி: எங்கள் ஊர் மணலிலேயே டைட்டானியம் இருக்கிறது. பிறகு ஏன் இந்த விலை?
- வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: அம்மா, உங்கள் ஊர் மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கறுப்புத் தாதுவில் இருப்பது ஆக்சிஜனைக் கட்டிக்கொண்ட டைட்டானியம். கரி போட்டு இரும்பு எடுப்பதுபோல இதை எடுத்தால் கார்பைடுதான் மிஞ்சும். ஆகவே குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, மக்னீசியத்தைக் கொண்டு பிரிக்கிறார்கள். வருவது கடற்பஞ்சு மாதிரி ஓட்டையான உலோகம். கேரளத்தில் சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலை 2011இல் தொடங்கியது. உலகத்தில் எடுக்கும் இல்மனைட்டில் பெரும்பங்கு உலோகமாவதே இல்லை, வெள்ளைப் பெயிண்டுக்குப் போகிறது.

கேள்வி: டைட்டானியம் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?
- ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது, தம்பி. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. நைட்ரஜனில்கூட எரியக்கூடிய உலோகம் இது. உலோகத் தீக்கென்றே வரும் பவுடர், இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த உப்பு. விசிறாமல், மெல்ல மூடுங்கள்.